நல்லா இருங்க

கூட்ட அறையில் மேலாளர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாளைக் காலை முதல் அவருடைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முழுவதும் புதிய மென்பொருள் தளத்துக்கு மாறுகிறது. எல்லாம் வாடகைக்கு. குரலுக்கு ஒரு சேவை, சாட்டுக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று. வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம், வேண்டாததைக் கழற்றிவிடலாம். ஆட்களையும் அப்படித்தான் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் கடைசியாகச் சொல்வதைக் கேட்டு, திருப்தியா கோபமா என்று இனி இயந்திரமே பிரிக்கும். கோபம் என்றால் ஓர் ஆள் திரும்ப அழைப்பார். திருப்தி என்றால் திரையில் பச்சை விழும், புகார் தானாக மூடிக்கொள்ளும். எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று அதற்குக் கற்றுக்கொடுக்க, தளத்துக்காரர்கள் என்னை அனுப்பியிருந்தார்கள். நான் யாருடைய தங்கை என்று மேலாளருக்குத் தெரியாது.

“ஒண்ணுல மட்டும் சந்தேகம் சார். போனை வைக்கிறப்ப நிறைய பேர் ‘நல்லா இருங்க’ன்னு சொல்றாங்க. எதுல போட?”

“வாழ்த்துறாங்கம்மா. திருப்தியில போடு.”

“வயித்தெரிச்சல்லயும் சொல்லுவாங்களே சார்.”

“நீ வேற. நாளைக்கு முதலாளிங்க முன்னாடி ஸ்கிரீன் பச்சையா இருக்கணும். போடு, நான் ஓகே பண்றேன்.”

பண்ணினார். அவர் பெயரில், அவர் விரலால்.

இதே மாடியில்தான் அக்கா வருடக்கணக்காக இரவு ஷிப்ட் பார்த்தாள். ஒருநாள், வாய்க்கு வந்தபடி திட்டிய வாடிக்கையாளன் ஒருவனிடம் “நல்லா இருங்க சார்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். மேலாளர் எல்லாரையும் கூட்டி அந்தப் பதிவை ஸ்பீக்கரில் போட்டார். “எப்படி சாபம் விடுறா பாருங்க” என்றார். சிரித்தார்கள். வாழ்த்தித்தான் வைத்தேன் என்று அவள் அழுதது எடுபடவில்லை. அன்றே வெளியே அனுப்பினார். பிறகு போன இடமெல்லாம் அவரிடம் விசாரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நானும் வேறோர் இடத்தில் இரவு ஷிப்டைப் பாதியில் விட்டு ஓடியவள்தான். ஆனால் ஓடியது நானாக.

வீட்டுக்கு வந்தபோது அக்கா குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாளை முதல் வயிறெரிந்து ‘நல்லா இருங்க’ என்று போனை வைக்கிற எவனுக்கும் அங்கிருந்து அழைப்பு போகாது. அத்தனைக்கும் ஓகே சொன்னவர் அந்த மேலாளர், பழியும் அவருக்குத்தான். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழாயை மூடினாள்.

“அன்னிக்கு நான் வாழ்த்தலடி.”

“என்னக்கா?”

“நாசமாப் போன்னுதான் சொன்னேன். வார்த்தைதான் நல்ல வார்த்தை. அத்தனை பேர்ல அந்த மேனேஜர் ஒருத்தனுக்குத்தான் அது சரியாக் கேட்டுச்சு.”

அப்படியென்றால் இன்றும் அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டும்தான் பச்சை வேண்டும் என்றார்.

போன் அடித்தது. மேலாளர்.

“ஏம்மா, அந்த ஒண்ணை மட்டும் கோபத்துக்கு மாத்திடுவோமா? மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு. இன்னும் நேரமிருக்குல்ல?”

இருந்தது. ஒரு பொத்தான்தான். மடிக்கணினி கட்டிலில் திறந்தே கிடந்தது.

“பூட்டியாச்சு சார். இனி யாராலயும் தொட முடியாது.”

அவர் போனை வைத்துவிட்டார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு ஒரு சட்டையை எடுத்து முறுக்கினாள். நீர் கொட்டியது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.