மரங்களைக் கழித்த மலை

மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த நிஷாந்தினியிடம், உன் மலையை நீ இன்னும் பார்க்கவேயில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். பள்ளிக்கூடக் குறுக்குப்பாதையில் எந்தக் கல் வழுக்கும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் அந்த மலையை அவள் முழுதாகக் கண்டது கண்டியில், ஒரு கம்ப்யூட்டர் திரையில்தான்.

கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அவளுக்கு வேலை. கம்பெனிகள் தங்கள் இணையத்தளத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கும். திருடனைப்போலச் சுற்றிவந்து, எந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்லை என்று எழுதிக்கொடுப்பாள். கேட்டவர்களின் வீட்டை மட்டும். கேட்காதவர்களின் படலையைத் தொட்டதில்லை.

அன்று மத்தியானம், தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் வரிசை வீட்டிலிருந்து அம்மா ரத்தினம்மா போன் எடுத்தாள்.

"லயத்துக்குப் பின்னால மண்ணு பொளந்திருக்கு பாப்பா. கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுது."

"தோட்டத்துத் தொரைக்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம? நெலம் ஆராயிற ஆபீசுல இருந்து வந்து அளந்துட்டுத்தான் போனாங்களாம், போன வருசமே. என்னத்த அளந்தாங்களோ, யாரு நமக்குச் சொல்றா?"

நிஷாந்தினி அந்த நில ஆய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தைத் திறந்தாள். பொதுமக்களுக்கென்று ஒரே ஒரு வரைபடம்தான் போட்டிருந்தார்கள், கண்டி நகருக்கு. அதன் முகவரி ஒன்று என்ற இலக்கத்தில் முடிந்தது. ஒன்றை அழித்து இரண்டு போட்டாள். வேறொரு மலை திறந்தது. கடவுச்சொல் கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மூன்று போட்டாள், நான்கு போட்டாள். பதினேழில் அவளுடைய ஊர் வந்தது.

விமானத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சி அளந்த படம் அது. தேயிலை, சவுக்கு, கூரை எல்லாவற்றையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, வெறும் நிலத்தை மட்டும் காட்டியது. நிஷாந்தினி படத்தைப் பெரிதாக்கினாள். குளித்துவிட்டு வந்த உடம்பைப்போல மலை வெறுமையாகக் கிடந்தது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்து வண்டிப்பாதைகள் நரம்புகளாக ஓடின. இன்று அவற்றை யாரும் நடப்பதில்லை, இருப்பதையே யாரும் அறிவதில்லை. உச்சிக்குக் கீழே, யாரோ பெரிய அகப்பையால் அள்ளியெடுத்ததுபோல ஒரு பள்ளம். அள்ளிய மண் கீழே நாக்காக நீண்டு உறைந்திருந்தது. என்றோ ஒருகாலம், மனிதர் வருமுன்னே, இந்த மலை ஒருமுறை இறங்கியிருக்கிறது. அந்த நாக்கின் மேல் சின்னச் சின்னக் கோடுகள். அவை லயங்கள். மூன்றாவது கோட்டில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருப்பாள். அந்த இடம் முழுக்க அபாயம் என்று சிவப்பு அடித்திருந்தது.

"யா அல்லாஹ்," என்றான் பின்னால் வந்து நின்ற ரிஸ்மி. அலவத்துகொடைக்காரன், பக்கத்து மேசை. "இது எங்க எடுத்த?"

அவள் சொன்னாள். அவன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மற்ற இலக்கங்களையும் பார்த்தான். கடுகண்ணாவை, அலவத்துகொடை, எல்லா மலைகளும் உடுப்பில்லாமல் வரிசையாக வந்தன. அவனுடைய வாப்பாவின் மிளகுத் தோட்டமும் ஒரு மஞ்சள் பட்டைக்குள் இருந்தது.

"எல்லாத்தயும் எறக்கி இப்பவே இன்டர்நெட்ல போட்டுடுவம் நிஷா. சனத்துட காசில அளந்தது, சனத்துட உசிரு. இத மறச்சி வெச்சீக்கிறவன்தான் குத்தவாளி, நாமல்ல."

"பக்கத்துல இன்னொரு ஃபோல்டர் இருக்கு, பாத்தியா?"

அதில் குடியிருப்பாளர் விபரம். யார் எந்த வீட்டில், அடையாள அட்டை இலக்கம், போன், யாருக்கு என்ன நோய், யாரால் நடக்கமுடியாது. முதல் பக்கத்தைக் கண்டதுமே அவள் மூடிவிட்டாள்.

"மலை எல்லாருக்கும் சொந்தம், சரி. பக்கத்து வீட்டு பாலம்மா அக்காவோட நோய் யாருக்குச் சொந்தம்? அள்ளிப்போட்டா ரெண்டும் சேந்துதான் வெளியில போகும்."

"பிரிச்சிப் போடுவம்."

"திருட்டுத்தனமா வந்த படத்த யாரு நம்புவா? தொரை ஒத்த வார்த்தையில பொய்னுருவாரு. ஆபீஸ் முத்திரையோட வரணும் ரிஸ்மி."

"அவங்க தர மாட்டாங்களே!"

"கேட்டுப் பாக்காமயா?"

தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும். அன்றே அவள் கோரிக்கையை எழுதினாள். எந்த வரைபடம் என்று கேட்ட இடத்தில் ஒரு கணம் பேனா நின்றது. பிறகு 'தாள் பதினேழு' என்று எழுதினாள்.

அதை அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனாள். அங்கே தகவல் அதிகாரி சண்முகநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து தலை நரைத்தவர். கோரிக்கையை இரண்டுமுறை வாசித்தார்.

"பதினேழு எண்டு எழுதியிருக்கிறியள் பிள்ளை. இந்த இலக்கம் வெளியில ஒருத்தருக்கும் தெரியாதே. எப்பிடி அறிஞ்சனீங்கள்?"

யாரோ சொன்னார்கள் என்றால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். வழி முழுக்க அந்தப் பொய்யைத்தான் அவள் தயார்செய்துகொண்டு வந்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் அதைக் கைவிட்டாள்.

"உங்க வெப்சைட்ல நம்பர மாத்திப் பாத்தேங்க சார். தொறந்திருச்சு. படத்தோட ஆளுங்க விவரமும் தொறந்து கெடக்கு. மொதல்ல அத மூடுங்க. எப்புடின்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

அவள் நீட்டியதை அவர் வாங்கி மேசைமேல் வைத்தார்.

"இது கணினிக் குற்றம் எண்டு தெரியுமோ?"

"தெரியும் சார். வெப்சைட் சோதிக்கிறதுதாங்க என் வேலையே."

"அறிக்கை இன்னும் முடிவாகேல்லை. பிழையாப் போனால் ஆர் பொறுப்பெண்டு பயம். சனம் பதறியிடும் எண்டும் பயம். அதாலதான் வெளியில விடேல்லை." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் செய்ததை நான் மேல அறிவிக்கவேணும். மறைக்கேலாது."

"அறிவிங்க. ஆனா மழைக்கு முந்திப் படத்தக் குடுத்திருங்க."

"ரெண்டையும் செய்வன்," என்றார் சண்முகநாதன்.

சொன்னபடியே இரண்டையும் செய்தார். முத்திரை குத்திய வரைபடம் தவணைக்குள் வந்தது. பொலிஸுக்கு அனுப்பிய முறைப்பாட்டின் பிரதியும் அவளுக்கு வந்தது. அவளுடைய கம்பெனி அவளை வேலைக்கு வராமல் வீட்டில் இருக்கச் சொன்னது.

தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் வெள்ளை வேட்டியொன்றைக் கட்டி, ரிஸ்மி கொண்டுவந்த புரொஜெக்டரால் தாள் பதினேழைப் போட்டார்கள். கசகசவென்றிருந்த கூட்டம் திரையை நோக்கி நெருங்கியது. தினமும் ஏறி இறங்கிய மலை, கூடையோடும் கத்தியோடும் தடவிய மலை, தன் பழைய காயத்தைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றது. சிலர் கைகூப்பினார்கள். ரத்தினம்மா எழுந்து திரைவரை போய், தன் லயத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நம்ம மலைக்கு ஒடம்பு இப்புடியா இருக்கு?" என்றாள். பயத்தைவிட வியப்புத்தான் அந்தக் குரலில் கூட இருந்தது.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் வந்து பார்த்தார். முத்திரையைப் பார்த்தபின், மழை கனத்தால் எல்லாரையும் மாற்ற ஒப்புக்கொண்டார். மழை கனத்த அன்றே எதிர்மலையில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கே எல்லாரும் மாறினார்கள். நடக்க முடியாதவர்களைக் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். மாடுகளையும் அவிழ்த்து ஓட்டிவந்தார்கள்.

மறுநாள் விடிந்து, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மலை இறங்கியது.

முதலில் சத்தமேயில்லை. ஒரு சவுக்குமரம் நின்றபடியே நடந்தது. அதன் பின்னால் தேயிலைச் செடிகள், நிரை குலையாமல், ஊர்வலம்போல நடந்தன. உச்சிக்குக் கீழே சிவந்த மண் வாய் திறந்தது. பிறகுதான் இடி வந்தது. காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் கேட்டது. லயங்கள் மடிந்தன. மண் சிவப்பு எல்லையோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி, வரைபடத்தில் வெள்ளையாக விட்டிருந்த தோட்டத்து டிஸ்பென்சரியையும் அள்ளிக்கொண்டு ஆற்றில்போய் விழுந்தது. எந்தக் கருவியும் அந்த மலையை முழுதாக அறிந்திருக்கவில்லை.

அத்தனைபேரும் பள்ளிக்கூட முற்றத்தில் உயிரோடு நின்று, தங்கள் வீடுகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினம்மா மகளின் கையைப் பிடித்தாள்.

அந்த வாரமே நிஷாந்தினி கண்டிப் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தாள். அனுமதியில்லாமல் உள்ளே போனது உண்மையா என்று சார்ஜன்ட் கேட்டார். உண்மை என்றாள். மறுபடியும் செய்வீர்களா என்று கேட்டார். "அடுத்தமுறை முதலில் கேட்பேன்," என்றாள் சிங்களத்தில். "தராவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை." அவர் அதையும் அப்படியே எழுதினார். வழக்கு இன்னும் முடியவில்லை.

வெளியே வந்தபோது வாசலில் ரிஸ்மி போனும் கையுமாக நின்றான்.

"ஆபீஸ்ல எல்லாத் தாளயும் வெளியில போட்டுட்டாங்க. ஆளுகள்ட வெவரம் ஒண்டும் இல்ல, மலை மட்டுந்தான். ஆனா சைட் காலேலருந்து தொறக்குதில்ல."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நான் ஒண்டும் செய்யல்ல, சத்தியமா! சனம் பாக்குது நிஷா. அவ்வளவு சனம்."

திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. இந்த நேரம் எத்தனை லயத்தில், எத்தனை கடையில், எத்தனைபேர் தங்கள் மலை திறப்பதற்காகக் காத்திருக்கிறார்களோ என்று நினைத்தாள். உடம்பு புல்லரித்தது. வீதியைக் கடக்கவும் தோன்றாமல் அவள் அங்கேயே நின்றாள்.