என்ன மாத்திரைன்னு சொல்லுங்க

அரங்கசாமி மில் வாசலில் ரத்தம் கக்கி விழுந்த நேரத்தில் அவன் மனைவி மயிலாத்தாள் மோட்டார் கம்பெனியில் மோட்டாருக்கான கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்து, "உங்க ஊட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லையாமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாம்" என்றார். கையிலிருந்த செம்புக் கம்பியை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அது. அரங்கசாமி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ரிங் பிரேம் என்ற நூற்கும் இயந்திரத்தை ஓட்டினான். ஷிப்ட் மாறி மாறி வேலை. பசித்தபோது சோறில்லை, சோறிருந்தபோது பசியில்லை. வயிற்றில் அல்சர் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஊரிலிருந்த ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் அமிர்தநாதனிடம்தான் வைத்தியம். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் வலி ஒருவாறு அடங்கியிருந்தது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் டாக்டர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். வெளிநாட்டிலிருந்து புது மருந்து வந்திருக்கிறது, உங்களைப் போன்ற சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறோம், செலவு எல்லாம் ஆஸ்பத்திரியுடையது, பழைய மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்றார். டாக்டர் நீட்டிய தாளில் அரங்கசாமி கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்து, "அத்தன பேருல என்னயப் பாத்து எடுத்திருக்காரு புள்ள" என்று மயிலாத்தாளிடம் சொன்னபோது அவன் முகத்தில் பெருமை இருந்தது. அவளுக்கும் சந்தோஷம்தான். அந்த வாரம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

புது மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வலி திரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அரங்கசாமி அதைச் சொன்னான். இளவேனில் என்ற சின்ன டாக்டரம்மா கேட்டு எழுதிக்கொண்டாள். "பெரிய டாக்டர்கிட்ட சொல்றேங்க. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னு சொல்றாருங்க" என்றாள். அவனும் பார்த்தான். பெரிய டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான். மனைவியிடம் வலியை மறைத்தான். மறைத்ததை மில் வாசலில் ரத்தம் காட்டிக் கொடுத்தது.

மயிலாத்தாள் போய்ச் சேர்ந்தபோது அவன் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மில்லில் கூட வேலை செய்யும் லட்சுமணசாமிதான் ரத்தம் கொடுத்திருந்தான். அவனுக்கும் அல்சர் இருக்குமோ, அவனிடம் எடுக்கலாமா என்று யாரோ கேட்க, "எனக்கு ஒண்ணுமில்லீங்க, எடுங்க" என்று கையை நீட்டினானாம்.

உயிருக்கு பயமில்லை என்று தெரிந்த பிறகுதான் மயிலாத்தாளுக்கு மூச்சு வந்தது. கட்டிலருகே நின்ற இளவேனிலிடம் கேட்டாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இவரு சாப்புட்டது என்ன மாத்திரைங்க?"

இளவேனில் கொஞ்சம் தயங்கினாள். "அது எங்களுக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னா?"

"இந்த ஆராய்ச்சில பாதிப் பேருக்குப் புது மருந்துங்க. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு கொடுக்கற எங்களுக்கே தெரியாது. பம்பாயில மருந்துக் கம்பெனிக்குத்தான் தெரியும்."

"மருந்தே இல்லாத மாத்திரைய வலியில துடிக்கறவருக்குக் குடுப்பீங்களா? பழைய மாத்திரைய நிறுத்திப்போட்டு?"

"அப்படித்தான் புது மருந்து உண்மையா வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்க முடியுங்க."

"இது இவருக்குத் தெரியுமா?"

இளவேனில் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த அரங்கசாமிதான் சொன்னான், "எனக்குத் தெரியாது மயிலு."

அவள் நேராக அமிர்தநாதனின் அறைக்குப் போனாள். வெளியே நின்ற ஆளைத் தள்ளிவிட்டே உள்ளே நுழைந்தாள். டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"பம்பாய்க்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரு சாப்புட்டது மருந்தா மாவா?"

"அம்மா, எதைச் சாப்பிட்டிருந்தாலும் இப்போ செய்யற வைத்தியம் ஒண்ணுதான். அதைத் தெரிஞ்சுக்கத் தேவையே இல்ல."

"உங்களுக்குத் தேவையில்லீங்க. எனக்குத் தேவை. அவருகிட்ட ஏன் சொல்லல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதரில்லை. ஏழைகளிடம் முகம் சுளிக்காதவர் என்று பேர் எடுத்தவர். "சொன்னா பயந்துடுவாங்கம்மா. இதெல்லாம் மில் தொழிலாளிங்களுக்கு விளக்கிப் புரியவைக்கிறது கஷ்டம்" என்றார்.

மயிலாத்தாளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது அந்த வார்த்தையில்தான். அதுவரை இருந்தது வேறு கோபம். அவள் வெளியே வந்தாள்.

அரங்கசாமி வீட்டுக்கு வந்தபிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் மில் லைன் வீடுகளில் யார் யார் என்று விசாரித்து வீடு வீடாகப் போனாள். கேட்டவர்களில் ஒருவருக்கும் மருந்தில்லாத மாத்திரை பற்றித் தெரிந்திருக்கவில்லை. "உங்குளுக்குக் குடுக்கறது மாவா இருக்கலாமுங்க. போய்க் கேளுங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள். லட்சுமணசாமியின் அண்ணன் சின்னானும் அதில் இருந்தான். அவனுக்கு வலி போயே போய்விட்டது. "எனக்கு நல்லாத்தான இருக்குது, அதக் கெடுக்காத அம்மணி" என்று அவன் கடிந்துகொண்டபோது, அவனிடமும் சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

பேச்சு பரவியதும் ஆஸ்பத்திரி ஒரு கூட்டம் போட்டது. தொழிற்சங்கக் கட்டடத்தின் மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. 'புது மருந்து ஆராய்ச்சி: பொதுமக்களுக்கு எளிய விளக்கம்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். வந்தவர்களுக்கு டீயும் பன்னும் கொடுத்தார்கள். மயிலாத்தாள் டீயைத் தொடவில்லை. இன்னும் முகம் வெளுத்திருந்த அரங்கசாமி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சத்தம் போடாத" என்று இரண்டு தடவை சொன்னான்.

அமிர்தநாதன் மைக்கைப் பிடித்தார். "நம்ம வேளாண்மைக் காலேஜ்ல புது விதை வந்தா என்ன செய்வாங்க? ஒரு பாத்தியில புது விதை போடுவாங்க, பக்கத்துப் பாத்தியில பழசப் போடுவாங்க. ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே உரம். எது நல்லா வருதுன்னு பாப்பாங்க. நாங்க செய்யறதும் அதேதான்."

முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். மயிலாத்தாள் எழுந்தாள்.

"வெதைக்கு வாயில்லீங்க டாக்டர். எங்களுக்கு இருக்குது. எங்ககிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டுத்தாம்மா கையெழுத்து வாங்கினோம்."

"புது மருந்துன்னு சொல்லி வாங்குனீங்க. மருந்தில்லாததும் இருக்குதுன்னு சொல்லி வாங்குனீங்களா? இப்பச் சொல்லுங்க. பாத்தி கீத்தி வேண்டாம். நேராச் சொல்லுங்க."

டாக்டர் இளவேனிலைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் சொன்னார். முதலில் வார்த்தைகள் இடறின. போகப் போக நேராயின.

"பாதிப் பேருக்குப் புது மருந்து. பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கற மாதிரிதான் முடிவாகுது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சா, மருந்து சாப்பிடறவர் நல்லாயிட்டார்னு நானே ஆசையில எழுதிப்போடுவேன். அதனால மறைச்சு வைக்கிறாங்க. மருந்தில்லாத மாத்திரை சாப்பிடறவருக்கு வலி கூடலாம். புது மருந்து சாப்பிடறவருக்கும் அது ஒத்துக்காமப் போகலாம். யாரும் எப்ப வேணும்னாலும் விலகலாம். விலகினவங்களுக்குப் பழைய வைத்தியத்தத் திரும்பத் தொடங்கிடுவோம்."

"இவ்வளவுதானுங்களா?" என்றாள் மயிலாத்தாள். "இதுல புரியாதது என்ன இருக்குதுங்க? இதச் சொன்னாப் புரியாதவங்களாவா நாங்க போயிட்டோம்?"

பின்னால் யாரோ, "சரியாக் கேட்டீங்க" என்றார்கள். டாக்டர் கையை உயர்த்தினார். "பம்பாய்க்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர் விஷயம். தனியாச் சொல்றேன்."

"இங்கியே சொல்லுங்க" என்றான் அரங்கசாமி.

"நீங்க சாப்பிட்டது நிஜ மருந்துதான். புது மருந்து. உங்க உடம்புக்கு அது பத்தல."

சொல்லும்போது டாக்டரின் முகம் தெளிந்ததை மயிலாத்தாள் கவனித்தாள். இத்தனை நாளும் மாவு மாவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அப்பறமென்ன, மருந்துதான் குடுத்திருக்காங்களே" என்று சின்னான் சத்தமாகச் சொன்னான். அவளுடைய காதும் கழுத்தும் சுட்டன.

அப்போது அரங்கசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். கூட்டத்தில் பேசிப் பழகாதவன். குரல் தாழ்வாகத்தான் வந்தது.

"டாக்டருங்க, மருந்தோ மாவோ, ரெண்டுல எதுன்னாலும் நான் விழுந்திருப்பேன். எனக்கு அது பெருசில்லீங்க. நீங்க இன்னிக்குச் சொன்னத அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டுக்கூட இருப்பேன். ஒருவேளை நாளைக்கு நாலு பேருக்கு ஆகட்டுமுன்னு சேந்திருப்பேன். வலி வந்தா, இது ஒத்துக்கல போல இருக்குதுன்னு மொத வாரமே வந்து நின்னிருப்பேன். தெரியாததுனால பல்லக் கடிச்சுட்டுக் கெடந்தேன். நீங்க குடுத்த மருந்துன்னு நெனச்சு."

அவனுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிட்டான். டாக்டர் மைக்கை மேசைமேல் வைத்தார். மைக் இல்லாமலே, "நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"இனியாவது சொல்லுவீங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

"சொல்றோம்."

"இங்க இருக்கற எல்லாத்துக்கும் முன்னால சொல்லுங்க. விலகறவங்க இப்பவே விலகலாமா?"

"விலகலாம்."

சிலர் எழுந்து இளவேனிலிடம் பேர் கொடுத்தார்கள். சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். சின்னான் தொடர்வதாகச் சொன்னான். "தெரிஞ்சே சாப்புடறேன். கொஞ்சம் வலிச்சாலும் வந்து சொல்லுவேன், பாத்துக்குங்க" என்று டாக்டரின் முகத்துக்கு நேராகச் சொன்னான். மயிலாத்தாளுக்கு அவன்மேல் இன்னும் எரிச்சல்தான். ஆனால் தெரிந்தே சாப்பிடுகிறவனை அவள் தடுக்க ஒன்றுமில்லை.

பஸ்ஸில் அரங்கசாமி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் ஒண்டிப்புதூரைத் தாண்டியது. பிறகு, "நீ சத்தம் போட்டப்ப எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றான்.

"நீங்க பேசுனப்ப எனக்கு அழுகை வந்துச்சு" என்றாள் அவள். அதற்குப் பிறகும் கோபமாகத்தான் இருந்தாள். ஒரு மனிதன் 'நான் சொல்லியிருக்கணும்' என்று சொல்லிவிட்டால் கோபம் போய்விட வேண்டுமென்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவளுக்குப் போகவில்லை. மில் வாசலில் சாம்பல் போட்டுத் தண்ணீர் ஊற்றி ரத்தத்தைக் கழுவிய இடத்தை அவள் பார்த்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்து அமிர்தநாதன் அவர்கள் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். அரங்கசாமி பாய் விரித்தான். "வாங்க" என்றாள் மயிலாத்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் வருத்தம் தெரிவித்தார். இப்போது சேரும் ஒவ்வொருவரிடமும் இளவேனில் உட்கார்ந்து தமிழில் எல்லாவற்றையும் சொல்கிறாள், வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டி வரச் சொல்கிறாள் என்றார்.

"எத்தன பேரு சேர்றாங்க?" என்று கேட்டாள்.

"முன்னைவிடக் கம்மிதான். ஆனா வர்றவங்க இருக்காங்க."

"பாருங்க. பயந்து ஓடிப்போகல."

அவர் தலையாட்டினார். திரும்ப அந்த ஆஸ்பத்திரிக்கே வைத்தியத்துக்கு வரச் சொல்லிக் கேட்டார். அரங்கசாமி மனைவியைப் பார்த்தான். பழைய மாத்திரையை இப்போது அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டிருந்தான். கூட்டம் அதிகம், காத்திருப்பு அதிகம், ஆனால் வலி அடங்கியிருந்தது.

"வேண்டாமுங்க" என்றாள் மயிலாத்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் போகும்போது வாசல்வரை வந்தாள். காரை எடுக்கும் வரை நின்றாள். உள்ளே வந்து அந்தப் பழத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்தாள்.