கயிறில்லாத கழுத்து

"கழுதையத் தனியா அனுப்பறதா? விளையாடறீங்களாக்கா?" என்றார் கேப்டன்.

"விளையாடற நேரமா இது?" என்றாள் சூளைக்காரி. "செங்கல் சூளைக் கழுதை சார். சுமையை ஏத்தி முதுகுல ரெண்டு தட்டு, தானாப் போகும். இறக்கிட்டு ரெண்டு தட்டு, தானா வரும். குன்று மேல உங்க காவல் சுவருக்குப் பத்து நாளா செங்கல் சுமந்தது யாரு, நீங்களா?"

குன்றின் உச்சியில் பன்னிரண்டு சிப்பாய்கள் எதிரி வளைப்பில் மாட்டியிருந்தார்கள். தண்ணீர் தீர்ந்து ஒரு நாள் ஆயிற்று. ரேடியோவும் செத்துவிட்டது. தண்ணீரோடு ஏறிய இருவர் குண்டடிபட்டுப் பாதியில் திரும்பினார்கள். சூளைக்காரியின் தம்பியும் மேலேதான் இருந்தான். உயிரோடு இருந்தானா என்பதுதான் தெரியவில்லை.

"ஆளில்லாத கழுதைய எவனும் சுட மாட்டான்," என்றாள்.

கேப்டன் தலையாட்டினார். நான்கு கேன் தண்ணீரோடு கழுதை மகாராணி கிளம்பியது. பாதை வளைவில் அது திரும்பும்போதுதான் சூளைக்காரி பார்த்தாள்.

"கழுத்துல என்னடா அது?"

"கயிறுக்கா," என்றான் சுமை ஏற்றிய சிப்பாய். "கட்டாம வெளிய விடக் கூடாது. விதி."

"உன் விதியில இடி விழ! கயித்தப் புடிச்சு இழுத்தா நாலு காலையும் ஊனிட்டு நின்னுடும்டா. மேல இருக்கறவங்க இழுக்கத்தானே பார்ப்பாங்க!"

"யாருக்கும் தெரியாதா?"

"என் தம்பிக்குத் தெரியும். அவன் ஒருத்தனுக்குத்தான்."

சொன்னபிறகுதான் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

உச்சிவெயில் சாய்ந்தது. கேப்டன் தொலைநோக்கியை இறக்கினார். "மன்னிச்சிருங்கக்கா. இனிமே வராது."

"சும்மா இருங்க சார்."

வளைவில் முதலில் இரண்டு காதுகள் தெரிந்தன. பிறகு மூக்கு. பிறகு கழுத்து, வெறும் கழுத்து.

"கயிறு இல்ல! சார், கயிறு இல்ல! இருக்கான்!" சூளைக்காரி போட்ட கூச்சலில் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

அந்தக் கயிற்றால்தான் காலிக் கேன்களைச் சத்தம் வராமல் இறுக்கியிருந்தது. ஒரு கேனில் கரியால் எழுதியிருந்ததைக் கேப்டன் உரக்கப் படித்தார்: "பன்னிரண்டு பேரும் இருக்கோம். தண்ணியோட தோட்டாவும் வேணும். அக்கா, கயிறு கட்டின அறிவாளி யாரு? அவனையும் ஏத்தி அனுப்பு."

அந்த அறிவாளி கேப்டன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

இரண்டு நாளில் மகாராணி ஒன்பது நடை போனது. மூன்றாம் நாள் வளைப்பு உடைந்து, பன்னிரண்டு பேரும் தங்கள் காலாலேயே நடந்து இறங்கினார்கள். முன்னால் மகாராணி. கேப்டன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"அதெல்லாம் அதுக்குப் புரியாது சார்," என்றாள் சூளைக்காரி, தம்பியின் காதைப் பிடித்துக்கொண்டே. "முதுகுல ரெண்டு தட்டுங்க."