இடப்பக்கம் சுருண்ட கைப்பிடி

மலையிறங்கி வந்த ஆறு, ஊரை இரு கூறாக்க உள்ளம் ஒவ்வாததுபோல் ஒதுங்கி வளையும் இடத்தில், காலைக் கதிர் முதலில் தொடுவது அந்தத் தங்கும் விடுதியின் நெற்றியைத்தான். நூற்றிருபது சாளரங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் ஒளியேற்க, வெண்கல் தூண்கள் தம் நிழலைத் தெருவின் குறுக்கே நீட்ட, கடை திறக்கச் செல்வோரும் பள்ளிக்கு விரைவோரும் அந்நிழல்களை ஒவ்வொன்றாய்க் கடந்து நடப்பதை, அன்புடையீர், அவ்வூரில் பிறந்த எவரும் மறப்பதில்லை. வழி கேட்டோர்க்கு அதைச் சுட்டியே வழி சொன்னார்கள். மழை வருமா என்பதை அதன் கூரைமேல் முகில் கவியும் அழகு பார்த்தே கணித்தார்கள். உள்ளே ஒருமுறையும் நுழையாதவர்கள்கூட அதை ‘நம்ம மாளிகை’ என்றே சொல்லி வந்தார்கள்.

முப்பத்தோராண்டுகளுக்கு முன் பிழைப்புத் தேடி அவ்வூரை நீங்கிய தச்சர் ஒருவர், உற்றாரையும் ஆற்றையும் விட்டுச் சென்றாரேயன்றி, அவ்விடுதியை விட்டுச் செல்லவில்லை. தொலைநகரில் அவர் அமைத்த படிக்கட்டு ஒவ்வொன்றும், விடுதிக் கூடத்துப் பெரும்படியை நினைந்து நினைந்து, இடப்பக்கம் வளைந்து ஏறியது. கைப்பிடி ஒவ்வொன்றும் அடியில் வந்து, பாம்பு தன் உடலுள் தலை புதைத்து உறங்குவதுபோல், இடப்பக்கமே சுருண்டு ஓய்ந்தது. “சின்ன வயசுல தினமும் நான் ஏறி இறங்குன படி அது” என்று அவர் சொல்லச் சொல்ல, தையல் தொழில் புரிந்த அவர் மனைவியோ, தாம் காணாத அக்கூடத்தின் விளக்குகளை எண்ணிச் சொல்லுமளவு தேர்ந்துவிட்டார்.

பழுது பார்க்கப்பட்டு வந்த அவ்விடுதியில், கனத்த பேழையொன்றை இறக்குகையில் கைப்பிடியின் சுருள்முனை முறிந்துபோக, அதன் மேலாளராகிய பெண்மணி தச்சரின் திறம் கேள்வியுற்று மடல் விடுத்தார். நீளமும் கனமும் எழுதியவர், படம் அனுப்பட்டுமா என்றும் வினவியிருந்தார். படம் வேண்டா, அவ்வளைவு தம் உள்ளங்கையிலேயே இருக்கிறது என்று விடையெழுதிய தச்சர், நல்ல நாளுக்கென்று நெடுங்காலம் காத்து வைத்திருந்த பழந்தேக்குத் துண்டை, ஒன்றே ஒன்றாய் இருந்ததை, வேலை ஓய்ந்த மாலைகளில் ஐந்து திங்கள் செதுக்கினார். திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், அதைப் பிள்ளைபோல் துணியில் சுற்றி மடியில் ஏந்தியபடி, மனைவியோடு வந்து சேர்ந்தார்.

துணி விலகியது. கூடியிருந்தோர் வியப்பால் விழி விரித்தனர், அத்துணை அழகு. ஆயின் முறிந்த முனையோடு அதைச் சேர்த்துப் பிடித்தபோது, பழைய கைப்பிடி வலப்பக்கம் திரும்ப, புதியது இடப்பக்கம் திரும்பி, ஊடல் கொண்ட இருவர்போல் ஒன்றுக்கொன்று முகம் காட்டாது நின்றன.

“படியை மாத்திட்டீங்க!” என்றார் தச்சர். “இது இந்தப் பக்கம் ஏறாது. யாரோ திருப்பி வச்சிருக்காங்க.”

“திருப்பி வைக்க இது என்னங்க கட்டிலா?” என்றார் மேலாளர். “எங்க தாத்தா இங்க வேலை பாத்த காலத்துலேருந்து இப்படித்தான் இருக்கு.”

தச்சர் மறுத்தார், மீண்டும் மறுத்தார். அவர் மனைவியாகிய அம்மையாரோ கூடத்தைச் சுற்றி நோக்கினார். படிக்கெதிரே, சுவரளவு உயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்று நின்றது. அதனுள்ளே, முப்பதாண்டு தாம் கேட்டுப் பழகிய அதே படி, அதே பக்கம் வளைந்து, அதே விளக்குகள் சூழ ஏறிக்கொண்டிருந்தது. வெளியே தெருச் சாளரத்தருகே நிற்பவர் கண்ணுக்கு அக்கண்ணாடியன்றிப் பிறிதொன்றும் புலப்படாது என்பதையும் அவர் கண்டார். கணவரைத் தனியே அழைத்தார்.

“என்னங்க, நிஜத்தைச் சொல்லுங்க. இதுக்குள்ள நீங்க வந்திருக்கீங்களா?”

தச்சர் சாளரத்தருகே சென்று நின்றார். தெருவில் வண்டிகள் சென்றன.

“வந்ததில்லை,” என்றார் தச்சர். “மரக்கடை வேலை முடிஞ்சு ஜன்னல்கிட்ட நிப்பேன். யாரும் போடான்னு சொன்னதில்லை. சட்டையெல்லாம் மரத்தூள், எனக்கே கால் வரலை. உன்கிட்ட ஒரு தடவை பெருமைக்குச் சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரலை.”

“நல்லாருக்கு போங்க! சட்டையோட வலது கையை இடது பக்கம் வச்சுத் தைச்சா நான் பிரிச்சுத் தைப்பேன். நீங்க ஊர் பூரா அப்படியே தைச்சு மாட்டிவிட்டுட்டீங்களே!” என்ற அம்மையார், சினந்த முகத்தோடே சிரித்துவிட்டார். “போய் அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. நானும் கூட வரேன்.”

சொன்னார். சொல்லி முடித்த தச்சர், தம்மிடம் வேறு பழந்தேக்கு இல்லை என்பதையும், வேறு மரம் அங்கே ஒட்டாது என்பதையும் தலைகுனிந்து உரைத்தார். மேலாளர், மேல்மாடத்தில் அடைபட்டுக் கிடந்த ஓர் அறைக்கு இருவரையும் அழைத்துச் சென்று, அதன் பழங்கதவைத் தட்டிக் காட்டினார்.

“இதுவும் அந்தப் படியும் ஒரே காலத்து மரம். கழட்டிக்குங்க. ஆனா அண்ணே, இந்தத் தடவை அளவெடுத்துருங்க.”

அவ்வாறு, வாழ்நாளெல்லாம் விரும்பிய படியின்மேல் தச்சர் முதன்முதலாக அளவுகோலை வைத்தார். கண்ணாடி காட்டாதன பலவற்றை அது காட்டியது. முதியோர் கால் நோகாவண்ணம் ஒவ்வொரு படியும் தாம் எண்ணியதைவிட அரைவிரல் தாழ்ந்திருந்தது. கைப்பிடியின் அடிப்புறத்தில், எவர் கண்ணும் படாத இடத்தில், விரல் பதிய நுண்ணிய பள்ளம் இழைந்தோடியது. காணாத இடத்திலும் பொய் செய்யாத அக்கைகளை எண்ணி, அவர் சில பொழுது உளியைக் கீழே வைத்துவிட்டு அப்பள்ளத்தில் தம் விரலை ஓட்டிப் பார்ப்பார். ‘நான் விரும்பியது குறைவு, இது அதற்கும் மேலாக விரும்பத்தக்கது’ என்னும் எண்ணம் அவரை நாணச் செய்தது, மகிழவும் செய்தது.

இரவு பகல் பாராது அக்கதவு மரத்தில் புதுச் சுருளைச் செதுக்கிப் பொருத்தியவர், பன்னிரண்டாம் நாள் காலை, கதவுகள் திறக்குமுன், கண்ணை மூடிக்கொண்டு இறங்கி வருமாறு மனைவியை வேண்டினார்.

“உருண்டு விழுந்தா உங்களைத்தான் பிடிச்சுக்குவேன்” என்றபடி அம்மையார் இறங்கினார். துணியின் இழைகளைத் தடவித் தடவி நுண்மை பெற்ற அவ்விரல்கள், கைப்பிடியோடு வழுக்கி வளைந்து, சுருளின் நடுவில் வந்து அமைந்தன.

“எங்கங்க சேத்தீங்க?”

“தெரியலையா?”

“தையலே தெரியலீங்க!”

தச்சர் சுருளின்மேல் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்தார். கண் திறந்த அம்மையார், துணி சுற்றிக் கிடந்த, இடப்பக்கம் திரும்பிய முதற்சுருளைக் கண்காட்டி, “அதையும் எடுத்துக்குவோம். அங்க நீங்க கட்டுன படியெல்லாம் அந்தப் பக்கம்தானே!” என்றார்.

தொலைவில் நின்று விரும்புவோர்க்கு விரும்பிய பொருள் பக்கம் மாறித் தோன்றுவதுண்டு. அதனால் அவ்விருப்பம் பொய்யாகிவிடுவதில்லை. அருகே வந்து அளவெடுக்கத் துணிந்த நாளில், முன்பிருந்த அன்பு கைக்கு வருகிறது. அன்று கதவுகள் திறந்தன. விருந்தினர் பேசிக்கொண்டே இறங்கி வந்தனர். வந்தோர் அனைவரும் சுருளின்மேல் ஒரு நொடி கை வைத்து, ஒன்றையும் உணராமல், ஒளி நிறைந்த கூடத்துள் நடந்தனர்.