அங்க எனக்கு ஒத்துவருமா, சித்தி?

1

நான் சொன்ன ஒரு பொய்தான் இந்தக் கதைக்குக் காரணம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்போதுதான், போகப்போக நான் எங்காவது ரொம்ப நல்லவளாகத் தெரிந்தால் நீங்கள் உஷாராக இருப்பீர்கள்.

என் அக்கா மகளுக்கு வீட்டில் 'வெடி' என்று பெயர். பிறந்தவுடன் அவள் போட்ட சத்தத்துக்கு வைத்த பெயர். அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த குரல் அவளுக்கு. பள்ளி முடித்ததும் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோ-எட் கல்லூரி. மற்றது மூன்று மணி நேரப் பயணத்தில், விடுதியோடு கூடிய பெண்கள் கல்லூரி. எது என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

திங்கட்கிழமை என் சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"நீங்க அந்தப் பொண்ணுங்க காலேஜ்லதானே சித்தி படிச்சீங்க? அங்க எனக்கு ஒத்துவருமா?"

பாடம் எப்படி, ஆசிரியர்கள் எப்படி என்று அவள் கேட்கவில்லை. அந்த மனுஷிகளுக்கு நடுவே தன்னால் மூச்சுவிட முடியுமா என்று கேட்டாள்.

"நல்ல இடம்டா. உனக்குப் பிரமாதமா ஒத்துவரும்," என்றேன், ஏற்கெனவே தேய்த்துவிட்ட பாத்திரத்தை மறுபடி தேய்த்துக்கொண்டே.

2

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம் இது: 'விடுதியின் மூன்றாவது மாடியில் இரண்டு தோழிகள்—' தோழிகள் என்ற சொல்லைத் தாண்டிக் கை போகவில்லை. அடித்துவிட்டேன்.

அடுத்தது: 'பெண்கள் மட்டும் புழங்கும் இடத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் விடுதலை என்பது—' கட்டுரை மாதிரி இருக்கிறது. அதில் பாதி உண்மைதான் என்றாலும் அடித்துவிட்டேன்.*

(* பிழைப்புக்கு நான் எழுதுவது மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி இவற்றோடு வரும் விளக்கப் புத்தகங்கள். அதில் எச்சரிக்கை எல்லாம் முதல் பக்கத்தில் வரவேண்டும். அந்த ஒழுங்கு எனக்கு வீட்டில் கிடையாது.)

வெடி ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் வகுப்பில் அவள் பதில் சொல்ல எழுந்தபோதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து பையன்கள் தவளை மாதிரிக் கத்தினார்கள். மெதுவாக, வாயைத் திறக்காமல், யார் என்று தெரியாதபடி. ஒருநாள் ஆசிரியரும் சிரித்துவிட்டார். அன்றோடு அவள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிக் குவித்தவள், கேள்வி கேட்டால் நோட்டில் எழுதிக் காட்ட ஆரம்பித்தாள்.

அக்காவுக்கு இதில் இரண்டாம் யோசனையே இல்லை. "பொண்ணுங்க காலேஜ்ல போடு. தவளையும் இல்ல, பாம்பும் இல்ல. நிம்மதியா படிக்கட்டும்." அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மூச்சைப் பிடி, ஆடாதே, அவ்வளவுதான், முடிந்தது என்று சொல்லிச் சொல்லி, வீட்டுப் பேச்சும் அந்தச் சுருக்கத்துக்கு வந்துவிட்டது. (கதைக்கு ஒரு கொடுமைக்காரி தேவைப்பட்டதால் அக்காவை அப்படி ஆக்கிப் பார்த்தேன். இரண்டு பத்திக்கு மேல் அவள் ஒத்துழைக்கவில்லை. மகள் மறுபடி பேச வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.)

வெடிக்குத்தான் குழப்பம். "அங்க போனா பயந்து ஓடின மாதிரி ஆயிடும். போகலன்னா இன்னும் மூணு வருஷம் நோட்டுல எழுதணும்."

"ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள் அக்கா. "எனக்கு லீவு கிடையாது. நீ கூட்டிட்டுப் போ. உனக்குத் தெரிஞ்ச இடம்தானே?"

தெரிந்த இடம்தான். இரண்டாம் வருஷம் பாதியில், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் கிளம்பி வந்த இடம். உடம்புக்கு ஒன்றும் இருக்கவில்லை.

3

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் போய்விட்டோம். புதிதாகச் சேர வருபவர்களுக்கும் பெற்றோருக்கும் கல்லூரியைச் சுற்றிக் காட்டும் நாள். எங்கள் குழுவுக்கு மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி வழிகாட்டி. வாய் ஓயாத, கலகலப்பான பெண்.

"இங்க நாங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி. நைட்டியோட லைப்ரரி போனாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க!"

வெடி சிரித்தாள். அவளுக்கு அந்த இடம் பிடிக்கத் தொடங்கியிருந்தது என்று நினைக்கிறேன். படிக்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து சத்தம் போட்டுச் சண்டையிட்டுக்கொண்டிருந்த நான்கு பெண்களை நின்று பார்த்தாள். ஒருத்தி மேசைமேல் ஏறி மின்விசிறியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்று பார்த்தேன். கட்டுரை மாதிரி இருக்கிறதென்று அடித்த வரியில் இருந்த பாதி உண்மை இதுதான்.

மதியம் மெஸ்ஸில் சாப்பாடு. நீள மேசைகள் நிரம்பி வழிந்தன. ஒரு மேசையில் மட்டும் ஒரு பெண் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டோடு வந்தவர்கள் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள், தரையில் தண்ணீர் கொட்டிக் கிடப்பதுபோல.

"அவங்க ஏன் தனியா உக்காந்திருக்காங்க?" என்று வெடி கேட்டாள்.

வழிகாட்டிப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவங்களா? அவங்க அப்படித்தான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. வெடி என்னைப் பார்த்தாள். "என்ன சித்தி?"

"ஒண்ணுமில்ல. காரம்."

(சாப்பாட்டில் காரம் எதுவும் இல்லை. பொய் நம்பர் இரண்டு.)

4

இனியும் தள்ளிப்போட முடியாது.

என் அறைத்தோழிக்கு 'ஜன்னல்' என்று பெயர். ஜன்னலோரக் கட்டிலை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள், அதனால். அவளைப் பற்றி முதலில் எழுதிய வரைவில் அவள் கல்லூரியை விட்டே போய்விடுகிறாள், நான் அழுகிறேன். அது நன்றாகவே வந்திருந்தது. ஆனால் போனது நான். இருந்தது அவள்.

எங்கள் மாடியில் பதினான்கு பேர். ஒரு மாலை இருவர் பின் கேட் வழியாக சினிமாவுக்குப் போனார்கள். யாரோ வார்டனிடம் சொல்லிவிட்டார்கள். மாடி முழுவதும் ஒரு மாதம் வெளியே போகக் கூடாது என்று தடை. அந்த மாலை ஜன்னல் வார்டன் அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். போதாதா? அவளோடு யாரும் பேசக் கூடாது என்று முடிவாயிற்று.

அந்த மாலை எனக்குக் காய்ச்சல். நாலரை மணியிலிருந்து என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். எழுந்து கதவுவரைகூடப் போகவில்லை. அதைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அவ என்கூடத்தான் இருந்தா.' மூன்றே சொல்.

நான் சொல்லவில்லை.

ஐந்து வாரம். மேசையில் அவள் உட்கார்ந்தால் தட்டுகள் எழுந்தன. குளியலறை வரிசையில் அவள் முறை வந்தால் யாராவது குறுக்கே புகுந்தார்கள். எங்கள் அறையில் ஒரே வாளி. தினமும் காலையில் என்னிடம் கேட்பாள்: "வாளிய நான் எடுத்துக்கவா?" நான் தூங்குவதுபோலப் படுத்திருப்பேன். மறுநாளும் கேட்பாள். பதில் வராது என்று தெரிந்தும் முப்பத்தைந்து நாளும் கேட்டாள். இடையில் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு மனுஷக் குரல் காதில் விழட்டும் என்றுதான் என்று எனக்குப் புரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். 'எனக்குப் பயமாக—' என்று தொடங்கி மூன்று முறை நிறுத்திவிட்டேன். பயம் என்பது கௌரவமான சொல். எனக்கு மற்றப் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து சாப்பிடப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

5

சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். துறைப் பேராசிரியை வந்து பேசுவார், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். கதவைத் திறந்துகொண்டு ஜன்னல் வந்தாள்.

(இப்படி ஒரு தற்செயலை நீங்கள் எழுதியிருந்தால் நானே அடித்திருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இருந்தவள் வேறு எங்கே இருப்பாள்?)

தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். பார்வை என்மேல் ஒரு நொடி நின்று அடுத்த வரிசைக்குப் போயிற்று. பெற்றோர் கேட்டார்கள்: கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், போன் வைத்துக்கொள்ளலாமா. அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். நான் கடைசி வரிசையில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, யாருக்கும் மேற்கொண்டு கேள்வி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. வெடி எழுந்து நின்றிருந்தாள்.

"மேடம், இங்க ஒருத்தர எல்லாரும் சேர்ந்து ஒதுக்கி வெச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு ஓர் அறை முழுக்க அந்தக் குரல். முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பக்கத்து வரிசைக்குப் பரவியது. வெடியின் காது சிவந்தது. அவள் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஜன்னல் பேசவில்லை. சிரித்தவர்களை அதட்டவும் இல்லை. சிரிப்பு தானாகத் தேய்ந்து முழுசாக அடங்கும்வரை வெடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"இங்க அப்படி நடக்காதுன்னு சொல்ல மாட்டேன், நடக்கும். எனக்கே நடந்திருக்கு. இதே ஹாஸ்டல், மூணாவது மாடி."

"அப்போ ஏன் மேடம் போகல?"

"இந்த லேப் பிடிச்சிருந்தது. ரெண்டாவது, நான் ஒண்ணும் தப்பு பண்ணல. அஞ்சு வாரம் கழிச்சுக் கீழ் மாடிப் பொண்ணு ஒருத்தி வந்து 'கத்தரிக்கோல் இருக்கா'ன்னு கேட்டா. என்கிட்ட இல்ல. ஓடிப்போய்க் கடையில வாங்கிட்டு வந்து குடுத்தேன்." லேசாகச் சிரித்தாள். "ஒருத்தி பேசினா போதும்மா. ஆனா அந்த ஒருத்தி வர வரைக்கும் ரொம்பக் கஷ்டமா இருக்கும். பொய் சொல்லி உன்னைச் சேக்க மாட்டேன்."

6

எல்லோரும் கலைந்தபோது அவள் நேராக எங்களிடம் வந்தாள்.

"நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"

நீங்க. ஒரே வாளியில் தண்ணீர் பிடித்தவள் என்னை நீங்க என்றாள்.

"சித்தி," என்றேன். "அன்னைக்கு சாயங்காலம்... நீ ரூம்லதான் இருந்தே. என்கூடத்தான்..."

"தெரியும்," என்றாள். "நானும் அங்கதானே இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ ஒரு பெற்றோர் கூப்பிட, அவள் வெடியின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

7

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஜன்னல் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இன்னொன்றில் நான் அவளுக்கு நீண்ட கடிதம் எழுதுகிறேன். மூன்றாவதில் வெடி என்னைக் கட்டிக்கொண்டு, 'அப்போ நீங்க சின்னப் பொண்ணுதானே சித்தி' என்கிறாள். மூன்றுமே எனக்குச் சாதகமாக இருந்தன. தூக்கிப் போட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். திரும்பும் பேருந்தில் வெடி கேட்டாள், நான் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், ஈரத்துணி, வாளி எல்லாம். கேட்டு முடித்தாள்.

"திங்கக்கிழமை பிரமாதமா ஒத்துவரும்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

அவள் எழுந்து முன்னால் காலியாக இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வியாழக்கிழமை முழுவதும் என் போனை எடுக்கவில்லை. ஒரு நாளைக்கே எனக்கு வேலை ஓடவில்லை. இஸ்திரிப் பெட்டியின் எச்சரிக்கைப் பக்கத்தில் ஒரே வரியை இரண்டு முறை டைப் அடித்து அனுப்பி, அலுவலகத்தில் திட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவளே வந்தாள்.

"ரெண்டு இடத்துலயும் சிரிப்பாங்க சித்தி. ஸ்கூல்ல சார் சேர்ந்து சிரிச்சாரு. அங்க அந்த மேடம் சிரிப்பு அடங்கற வரைக்கும் நின்னாங்க. அதனால அங்க போறேன்."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். 'அவ்வளவுதான், முடிஞ்சுது'ன்னாங்க."

அப்போதும் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

8

கதை இங்கேயே முடிந்திருக்கும். முடித்தும் வைத்திருந்தேன். அவளிடம் வாசித்துக் காட்டியபோது, "நான் அங்க சேந்தேன்னு எழுதிக்கோங்க, சந்தோஷமா இருக்கேன்னு எழுதாதீங்க. எனக்கே இன்னும் தெரியல," என்றாள். அப்படியே விட்டேன்.

இன்று மத்தியானம், இந்தப் பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது போன் செய்தாள். அவள் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது வகுப்பில் பேசுகிறாளாம். குரலைக் கேலி செய்தவர்களே அவளை விவாத மேடைக்குத் தள்ளிவிடுகிறார்களாம். அவளுக்கென்று ஒரு கூட்டம், ஒன்பது பேர்.

"சித்தி," என்றாள். "எங்க மாடியில ஒரு பொண்ணுகூட யாரும் பேசறதில்ல. பத்து நாளாச்சு."

"ஏன்?"

"என்னமோ சொல்றாங்க. உண்மையான்னு தெரியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்ன பண்ணணும்னு கேக்கறதுக்குக் கூப்பிடல. நானும் பேசலன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பின்னால் யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். ஒன்பது பேரில் ஒருத்தியாக இருக்கும். கூப்பிடும் குரலில் அவ்வளவு பிரியம். வெடி போனை வைக்கவும் இல்லை, போகவும் இல்லை.

அவளிடம் சொல்ல என் கையில் ஒரு நல்ல வாக்கியமும் இல்லை. இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். உங்களிடம் இருந்தால் இந்த வரிக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனாவை வைக்கிறேன். அவள் இன்னும் லைனில் இருக்கிறாள்.