நாகராஜின் விரதமும் பூனையின் வாயும்

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து பாலவனத்தத்தில் நாகராஜின் கால் தரையில் பாவவில்லை. போன வருசம் நெஞ்சுவலியில் பிழைத்ததற்கு அம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக மனைவி முருகலட்சுமி வேண்டிக்கொண்டிருந்தாள். எடுக்கப்போவது அவர்; காப்பு இருவர் கையிலும். தெருவில் எவன் வாயிலாவது முட்டை என்ற சொல் வந்தால்கூடக் கண்டித்தார்.

வீட்டுக்குள் கவுச்சி நுழையவில்லை. பிரச்சினை, டவுனில் அவர் வைத்திருந்த உரக்கடைக்கு எதிரே இருந்த மெஸ்தான். விரால் மீன் வறுவல் வாசம் ரோட்டைத் தாண்டி வந்து அவரைக் கூப்பிட்டது. ஒரு நாள் போனார். மறுநாளும் போனார்.

அன்றிலிருந்து வீட்டுப் பூனை கத்த ஆரம்பித்தது. பகலெல்லாம் சிவனே என்று கிடக்கும். அவர் வண்டியை நிறுத்தியதும் ஓடிவந்து, கையை முகர்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும்.

முருகலட்சுமி பால் வைத்தாள், தயிர்சாதம் வைத்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டு டாக்டர், "நேரத்துக்குச் சோறு வைங்க, கத்தும்போது கண்டுக்காதீங்க" என்றார். நாகராஜ் அதோடு விடுவாரா? செல்போனில் வீடியோ பார்த்து, பூனை கத்துவதற்குத் தனிமை, வயோதிகம், குடல்புழு என்று தெருவுக்கே வகுப்பெடுத்தார். கையை மட்டும் சோப்பு, எலுமிச்சை, விபூதி என்று மாற்றி மாற்றித் தேய்த்தார். மீனை மட்டும் விடவில்லை.

சட்டி எடுப்பதற்கு முந்தின நாள், எதிர்வீட்டுச் சங்கரம்மாள் நாலு பெண்களோடு வந்துவிட்டாள்.

"விரதம் கலஞ்ச வீட்டுலதாம்மா பூனை இப்படிக் கத்தும். யாருன்னு சொல்லிருங்க. இல்லன்னா அவுக காப்ப அத்துற வேண்டியதுதான்."

நாகராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. ஊர் முன்னால் மானம் போய்விடும்.

"நான்தான்," என்றாள் முருகலட்சுமி. "நாக்கு கேக்கல. பரண்ல கட்டிவச்சிருந்த கருவாட்டுப் பானையத் தொறந்துட்டேன்."

வந்தவர்கள் காறித் துப்பாத குறையாக ஏசினார்கள். அவள் கையிலிருந்த மஞ்சள் காப்பைச் சங்கரம்மாளே அறுத்தாள். "பொம்பளைக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு வேணும்," என்றார் நாகராஜ். அவர் குரலில் நடுக்கம்கூட இல்லை.

எல்லோரும் போனபிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. என்னமோ சொல்ல வாயெடுத்தார்.

"சட்டையத் துவைக்கிறவ நான்," என்றாள் முருகலட்சுமி. "அத்தனை நாளும் மீன் வாசம் எனக்குத் தெரியும். சொன்னா வேண்டுதல் நின்னுபோயி உங்களுக்கு மறுபடி என்னமும் ஆயிருமோன்னு பயந்தேன். ஊரு வாய நான் அடைச்சுட்டேன். நாளைக்குச் சட்டியக் கையில வாங்கும்போது, ஆத்தாகிட்ட நீங்களே பேசிக்கங்க."

நாகராஜ் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். காப்புக் கட்டிய பிறகு முதன்முறையாக அவருக்கு நெருப்பை நினைத்துப் பயம் வந்தது.