மேஜரின் இடது காது

நாய் வளர்ப்போர் சங்கத்தின் கூட்ட அறைக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை. தரைவிரிப்பு பாழாகிவிடுமாம். ஆகவே தையல்காரி தன் நாயை வெளியே படிக்கட்டுக் கம்பியில் கட்டிவிட்டு, மாடியேறிக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். இந்த விதி பொருந்தாத நாய் ஒன்றே ஒன்றுதான். அது தலைவருடைய மேஜர். உறுப்பினர்களின் நாற்காலிகளைவிட நல்ல மெத்தையில், மேசைக்குப் பக்கத்தில் அது கால் நீட்டிப் படுத்திருந்தது.

அன்றைக்கு ஒரே வேலைதான். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஓர் இனத்துக்கு அங்கீகாரம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த இனம் எப்படி இருக்கும் என்று எழுதிவைக்க வேண்டும். எழுதியபடி நாய்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வெளிநாட்டு நடுவர் ஒருவர் வருவார். அவர் தலையாட்டினால் நாய்கள் பதிவேட்டில் ஏறும்.

அந்த இனத்தின் முதல் நாய் கீழே கம்பியில் கட்டிக் கிடந்தது. அதன் பெயர் மூட்டை. தையல்காரி கடல் கடந்து ஒரு மலையூர்த் துணி ஆலையில் வேலை பார்த்தபோது, பக்கத்து வீட்டு ஆட்டுக்காரர் கோணிப்பையில் சுற்றிக் கொடுத்த குட்டி. ஊர் திரும்பும்போது அதைக் கூடவே கொண்டுவந்தாள். பட்டியலில் இல்லாத இனம் என்று இறக்குமதி அதிகாரி தற்காலிக அனுமதிதான் தந்தார். சங்கப் பதிவேட்டில் ஏறினால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே இப்போது யாரும் இல்லை. ஆட்டுக்காரர் ஆடுகளை விற்றுவிட்டு மகனோடு நகரத்துக்குப் போய்விட்டார். திருப்பி அனுப்பினால் மூட்டை ஏதோ ஒரு கிடங்கின் கூண்டுக்குள் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பூங்காவில் மூட்டையைப் பார்த்துத்தான் தலைவருக்கு ஆசை வந்தது. உடனே மேஜரை விமானத்தில் வரவழைத்தார். தலைவர் வைத்திருப்பதை வைத்துக்கொள்ளாவிட்டால் சங்கத்தில் மரியாதை ஏது? பல் டாக்டர் ஒன்று வாங்கினார், ஓட்டல்காரர் ஒன்று வாங்கினார், அப்படியே ஏழெட்டு சேர்ந்துவிட்டன.

"முதல்ல பேரை முடிவு பண்ணிடுவோம்," என்றார் செயலாளர். அவர் தையல்காரியின் கூடப்பிறந்த அண்ணன். தலைவர் தும்மினால் கைக்குட்டையோடு நிற்பதே அவருடைய செயல். "ஏம்மா, அந்த ஊர்ல இதை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"நாய்னுதான் கூப்பிடுவாங்க."

அறையே சிரித்தது.

"அங்க வேற நாயே கிடையாது. அதனால நாய்னா இதுதான்," என்றாள் அவள்.

"நாயை நாய்னு சொல்லிட்டா நமக்கு எதுக்குச் சங்கம்?" என்றார் தலைவர். அரை மணி நேரம் யோசித்து 'உயர்மலை அரசக் காவலன்' என்று பெயர் வைத்தார்கள். அந்த மலையில் எந்த அரசனும் இருந்ததில்லை. அங்கே இருந்ததெல்லாம் ஆடுகள்தான்.

பிறகு மேஜரை மேசைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். பல் டாக்டர் அளந்து சொல்லச் சொல்ல, அண்ணன் எழுதினார். மேஜரின் மூக்கு கறுப்பாக இருந்தது. ஆகவே அரசக் காவலனின் மூக்கு கறுப்பு. மேஜர் வாலை இடப்பக்கம் போட்டது, ஆகவே இடப்பக்கம். மேஜர் கொட்டாவி விட்டது. "கம்பீரமான சோம்பல்," என்று தலைவர் சொல்ல, அதையும் அண்ணன் எழுதிக்கொண்டார்.

"காது," என்றார் பல் டாக்டர். "வலது காது நிமிர்ந்து நிக்கும். இடது காது பாதியில மடங்கி, முன்பக்கமா விழும்."

தையல்காரி எழுந்தாள். மடிப்பு எது, சுருக்கம் எது என்று பார்த்தே பிழைக்கிறவள் அவள். "சார், அது மடிப்பு இல்ல. காயம். நடுவுல தழும்பு தடிப்பா தெரியுது பாருங்க. இந்த நாய்க்கு ரெண்டு காதும் நிமிர்ந்துதான் இருக்கும். ராத்திரியில ஓநாய் சத்தம் கேக்கணும்ல."

"ஆமாங்க," என்றாள் பிஸ்கட் தட்டோடு வந்த தலைவரின் மனைவி, வெள்ளந்தியாக. "விமானத்துல வரும்போது கூண்டுக் கதவு நசுக்கிடுச்சுன்னு நீங்கதானே அன்னைக்கு அந்தக் கத்துக் கத்துனீங்க?"

தலைவர் மனைவியைப் பார்த்த பார்வையில் பிஸ்கட் தட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"நசுக்கினது வேற, மடங்கினது வேற," என்றார் தலைவர். "மேஜரோட பரம்பரைக்கே அந்த மடிப்பு உண்டு. இதை ஏத்துக்கறவங்க கையைத் தூக்கலாம்."

கைகள் எழும்பின. தங்கள் நாய்களுக்கெல்லாம் இரண்டு காதும் விறைத்து நிற்பதை அறிந்தவர்களே தூக்கினார்கள். அண்ணன் பேனா பிடித்திருந்த கையையும் சேர்த்துத் தூக்கினார்.

மறுநாள் காலையிலேயே அவர் தங்கையின் கடைக்கு வந்தார்.

"நேத்து மானத்தை வாங்கிட்டியே. தலைவர்கிட்ட அப்படியா பேசுறது?"

"நான் காதைப் பத்திதான்ணே பேசினேன். அவரு ஏன் அதைத் தன் காதுன்னு நெனச்சுக்கிட்டாரு?"

"வாய் மட்டும் நீளம். சரி, நான் சொல்றதைக் கேளு. நடுவர் வரதுக்குள்ள மூட்டை காதையும் மடிச்சிடு."

"எப்படி?"

"எப்படின்னு நீ கேக்குறியா? ஊரு பூரா மடிச்சுத் தைக்கிறவ! உள்பக்கமா ஒரே ஒரு தையல் போடு, வெளிய தெரியாம. பல் டாக்டரு தன் நாய்க்கு அவரே போட்டுட்டாரு. ஓட்டல்காரரு செருப்புப் பசை வாங்கியிருக்காரு."

"அண்ணி காதுல ஒரு தையல் போட்டுப் பாரேன். உள்பக்கமாத்தான். உயிரோட இருந்தா நாளைக்கு வந்து சொல்லு."

"வெளையாடாத. அதைத் திருப்பி அனுப்பிட்டா அழப்போறது நீதான். நான் இல்ல."

அவர் போனபிறகும் அந்தச் சொல் கடைக்குள்ளேயே நின்றது. அவர் சொன்னது பொய் இல்லையே. ஒரு தையல். சில நிமிட வலி. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க மூட்டை இந்தத் தையல் இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம்.

இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்தாள். நூலைக் கோத்தாள். மூட்டையின் தலையை மடியில் சாய்த்து இடது காதை மடித்துப் பார்த்தாள். நாய் என்ன ஏது என்று கேட்கவில்லை. தலையின் முழுப் பாரத்தையும் அவள் தொடைமீது இறக்கிவிட்டுக் கண்ணை மூடியது. அப்போது தெருக்கோடியில் யாரோ சைக்கிளைச் சாத்திவைக்கும் சத்தம். அவள் விரல்களுக்கிடையில் மடங்கியிருந்த காது, தானாகவே விரல்களைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பியது. மூட்டை தூங்கினாலும் அந்தக் காது தூங்குவதில்லை.

அவள் ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அன்று முழுக்க அவள் தைத்ததெல்லாம் கோணல்மாணலாகப் போயிற்று.

நடுவர் வந்த நாளில் வெயில் கொளுத்தியது. மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள், நாய்களுக்கு அல்ல, தலைவருக்கு. நடுவர் நாலு மொழியில் மூக்கைச் சுளிக்கத் தெரிந்தவர். இந்த ஊர் மொழியும் அதில் ஒன்று. ஆனால் இந்த இனத்தை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். அந்தப் படம் மேஜருடையது, அனுப்பியவர் தலைவர்.

பந்தல் ஓரத்தில் இறக்குமதி அதிகாரி கோப்போடு உட்கார்ந்து, கிடைத்த குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். பதிவேட்டில் ஏறாதவற்றை உடனே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு.

நாய்கள் வரிசையாக நின்றன. இடது காதுகள் வரிசையாக மடங்கியிருந்தன. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இப்படி ஓர் ஒற்றுமையை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை," என்றார்.

"எல்லாம் ரத்தம்," என்றார் தலைவர்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் வெயிலில் செருப்புப் பசை இளகியது. ஓட்டல்காரரின் நாயின் காது, 'டப்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு நிமிர்ந்தது. நடுவர் குனிந்து பார்த்தார். ஓட்டல்காரருக்கு வியர்த்து ஊற்றியது. இதோ வண்டவாளம் வெளிவரப்போகிறது என்று தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

"சந்தோஷம் சார்," என்றார் தலைவர் சட்டென்று. "உங்களைப் பார்த்த சந்தோஷம்."

நடுவர் முகம் மலர்ந்தது. "எழுதிக்கொள்ளுங்கள்," என்று அண்ணனிடம் திரும்பினார். "மிகுந்த மகிழ்ச்சியின்போது இடது காது சற்று நேரம் நிமிரலாம். குற்றமில்லை."

அண்ணன் எழுதினார்.

கடைசியாக மூட்டையிடம் வந்தார்கள். இரண்டு காதும் நட்டுவைத்தாற்போல் நின்றன. நடுவர் ஒரு சுற்று வந்தார். காத்திருந்தார். காது மடங்கவில்லை.

"இது?"

"இதுக்கு எப்பவுமே சந்தோஷம்தான் சார்," என்றார் அண்ணன், தங்கைக்காக. அவருக்குள்ளும் ஓர் ஓரத்தில் அண்ணன் ஒருவன் இருக்கத்தான் செய்தான்.

"எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும் நாய் உயர்ந்த இனமாக இருக்க முடியாது," என்றார் நடுவர். "இது அரசக் காவலனே இல்லை. வெளிநாட்டு இனமே இல்லை. எந்த ஊரிலும் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் தெருநாய்."

தலைவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். பந்தலே சிரித்தது.

 கிடங்கும் கூண்டும் தையல்காரியின் கண்முன்னே வந்தன. அதிகாரி கோப்பைத் திறந்துவிட்டார். அந்த நொடியில்தான் நடுவரின் சொல் அவள் காதுக்குள் மறுபடி ஓடியது. அவள் நேராக அதிகாரியிடம் போனாள்.

"சார், உங்க கோப்புல மூட்டை என்னன்னு இருக்கு?"

"அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டு இனம்."

"ஐயா வெளிநாட்டு இனமே இல்லைன்னுட்டாரே. தெருநாயாம். தெருநாயை எந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவீங்க?"

அதிகாரி குளிர்பானத்தைக் கீழே வைத்தார். திருப்பி அனுப்புவதென்றால் கூண்டு, மருத்துவர், விமானம், ஓயாத அலைச்சல். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. "தெருநாயைத் தெருவுக்குத்தாம்மா அனுப்பணும். ஆனா சங்கமும் அதைச் சொல்லணும்."

தையல்காரி தலைவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். நடுவர் ஐயா சொன்னது சரியா? ஒருவேளை என் நாயும் உங்க மேஜரும் ஒரே இனமா இருக்குமோ?"

தலைவர் எழுந்தே விட்டார். "என்னது? மேஜரும் இதுவுமா? யாருய்யா சொன்னது! இது தெருநாய்தான். சுத்தமான தெருநாய். செயலாளரே, எழுதுங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க."

அண்ணன் தங்கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அன்று எழுதியதிலேயே அழகான கையெழுத்தில் அதை எழுதி, முத்திரையும் குத்தினார். அதிகாரி கோப்பை மூடினார்.

மைதானத்து வாசல்வரை அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அவ்வளவு பேரு சிரிச்சாங்களே. உனக்கு உறைக்கவே இல்லையா?"

"அவங்க சிரிச்சதுலதான்ணே இது தப்பிச்சுது. நீ போ. அங்க தேடுவாங்க."

பந்தலில் கைதட்டல் எழுந்தது. அரசக் காவலன் அங்கீகரிக்கப்பட்டுவிட்டான். அந்தக் கைதட்டலுக்கு நடுவே இன்னொரு 'டப்'. அது அவளுக்குக் கேட்கவில்லை. மூட்டையின் இடது காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு, கவனிக்கத் தக்க விஷயம் இல்லை என்பதுபோல், தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.